சின்க்ளேர் பெய்ல்ஸை எந்தப் பகுப்பில் வைப்பது: ஒரு தொகுப்புத் தகராறின் நிகழ்வு ஆய்வு

சின்க்ளேர் பெய்ல்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் கவிஞரைப் பற்றித் தமிழ் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நான் ஒரு சிறு கட்டுரை எழுதினேன். ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றாகத் தொகுக்கக் கட்டுரையின் அடியில் இடும் பெயர்வரியைப் பகுப்பு என்பார்கள். அதில் மற்றப் பகுப்புகளோடு, 1950களின் அமெரிக்க எதிர்ப்பிலக்கியக் கூட்டத்தைக் குறிக்கும் ‘பீட் தலைமுறை எழுத்தாளர்கள்’ என்ற பகுப்பையும் சேர்த்திருந்தேன். கட்டுரையின் உடலில் யாரும் கைவைக்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் இரண்டு வாரங்களுக்குள் ஆறு முறை நீக்கப்பட்டு, ஐந்து முறை திரும்ப வந்து, கடைசியில் வராமலே போயிற்று. ஊர் வழக்கங்களுக்கு எதிராக நின்ற ஓர் இலக்கியக் கூட்டத்துக்குள் யார் இருந்தார், யார் வாசலோடு நின்றார் என்பதைக் கலைக்களஞ்சியம் எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்பவர்களுக்காக அந்த இரண்டு வாரங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் சற்று வாய் திறந்து ஒலித்து எழுதினால் அது தமிழில் மூலநோயின் பெயராகிவிடும் என்பதால் ‘பெய்ல்ஸ்’ என்று எழுதினேன். இந்தத் தகராறில் இறங்கிய நால்வரும் ஒரே மூச்சில் உடன்பட்ட செய்தி அது ஒன்றுதான்.

அந்த நால்வரில் நான் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருபவன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஓய்வுபெற்ற நூலகரை நாங்கள் அக்கா என்போம். ஜோகன்னஸ்பர்க்கில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் எனக்குத் தம்பி முறை. நான்காமவர் தமிழ்நாட்டிலிருந்து தொகுப்பவர்; வயதிலும் கலைக்களஞ்சிய அனுபவத்திலும் எங்கள் மூவருக்கும் மூத்தவர் என்பதால் அவர் ஐயா. வீட்டில் ஆங்கிலமே பேசும் எங்கள் ஊர்த் தமிழர்களுக்குள் தமிழில் கட்டுரை எழுதக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தமிழில் ஒரு வரி நீங்கினாலும் அது எங்களுக்கு உறைக்கும். முதல் நீக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அதுதான் காரணம், கவிதை அல்ல.

பெய்ல்ஸின் வாழ்க்கையில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள் இவை. அவர் 1930இல் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தார். 2000இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். 1950களின் பிற்பகுதியில் பாரிஸில் மொரிஸ் ஜிரோடியாஸ் நடத்திய ஒலிம்பியா பதிப்பகத்தில் வேலை பார்த்தார். பீட் வட்டத்து அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸின் பெரும்பேர் பெற்ற நாவலை 1959இல் அந்தப் பதிப்பகம் வெளியிட்டபோது, எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே நடையாய் நடந்தவர் அவர். பர்ரோஸ் தங்கியிருந்தது ழி-லெ-கேர் சந்தின் 9ஆம் எண் விடுதி. பெய்ல்ஸும் அங்கே தங்கினார். அந்த விடுதியில் ஓவியர் பிரையன் கைசின் செய்தித்தாள்களை வெட்டியபோது கண்ட வரிக்கலப்பு முறையில், அதாவது அச்சிட்ட வரிகளை வெட்டி மாற்றி ஒட்டிப் புது வரிகள் உண்டாக்கும் முறையில், ஒரு சிறு நூல் உருவாயிற்று. 1960இல் வெளிவந்த அந்த நூலின் அட்டையில் பர்ரோஸ், கைசின், அமெரிக்கக் கவிஞர் கிரெகரி கோர்சோ ஆகிய மூவரோடு நான்காவது பெயராக பெய்ல்ஸ் இருக்கிறார். அதே ஆண்டு கிரேக்கச் சிற்பி டாக்கிஸ் பாரிஸின் ஐரிஸ் கிளெர் காட்சியகத்தில் காந்தங்களைக் கொண்டு பெய்ல்ஸை அந்தரத்தில் நிறுத்தினார். அவர் அங்கிருந்தபடியே கவிதை வாசித்தார். மனிதன் விண்வெளிக்குப் போனது அடுத்த ஆண்டு ஏப்ரலில் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சியின் குறும்பு விளங்கும். பிற்காலத்தில் அவருடைய கவிதைக்குத் தென்னாப்பிரிக்காவின் இங்கிரிட் யோங்கர் பரிசும் கிடைத்தது.

இத்தனையும் இருக்க, அவரைப் பீட் தலைமுறை எழுத்தாளர் என்று சொல்ல இன்னும் என்ன வேண்டும் என்பதுதான், தொகுப்பவர்கள் வாதிடும் உரையாடல் பக்கத்தில் என் முதல் கேள்வி.

ஐயாவின் பதில் இரண்டே வரி. “விடுதியில் தங்கியதைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். அந்த விடுதிக்குப் பீட் விடுதி என்று பெயர் வந்தது எப்படி என்று பார்த்தீர்களா?”

பார்த்தேன், சங்கடமாகிப் போயிற்று. திருமதி ராஷு நடத்திய அந்த மலிவு விடுதிக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அதில் தங்கிய கோர்சோதான் அதற்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டினார். தங்கியவர்களால் விடுதிக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கொண்டு தங்கியவர்களை அடையாளம் காண்பது நிழலை வைத்து மரத்தை அளந்துவிட்டு, அந்த மரத்தை வைத்தே நிழலைச் சரிபார்ப்பது போன்றது. விடுதிதான் அளவுகோல் என்றால், 1963இல் மூடும்வரை அதை நடத்திய திருமதி ராஷுவும், அங்கே குடியிருந்தோரைப் படமெடுத்த ஹரால்டு சாப்மனும் பெய்ல்ஸுக்கு முன்னே வரிசையில் வந்து நிற்பார்கள்.

கூட்டு நூல் அதைவிட வலுவான சான்று என்று நினைத்தேன். ஆனால் கோர்சோ அந்த நூலுக்குள்ளேயே, இந்த முயற்சியில் தமக்கு முழுமனம் இல்லை என்று கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். பீட் வட்டத்தின் நடுவே இருந்தவர் என்று எவரும் ஐயப்படாத கோர்சோ, அட்டையில் பெயர் இருந்தும் தன்னை அந்த நூலிலிருந்து பாதி விலக்கிக்கொள்கிறார். அந்த நூலில் முழுமனத்தோடு பங்கெடுத்த பெய்ல்ஸோ அந்த நூல் ஒன்றினால்தான் வட்டத்துக்குள் தெரிகிறார். ஒரே அட்டையில் உள்ள நான்கு பெயர்களும் நான்கு வகையான உறவைக் குறிக்கும்போது, அட்டையை உறுப்பினர் பட்டியலாக வாசிக்க இயலாது.

அந்தப் பெயரே எப்படி உண்டாயிற்று என்பதை இந்த இடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1944 வாக்கில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஜாக் கெரோவாக், ஆலன் கின்ஸ்பெர்க், பர்ரோஸ் ஆகியோர் நண்பர்களானார்கள். 1948இல் கெரோவாக் பேச்சுவாக்கில் சொன்ன ‘பீட் தலைமுறை’ என்ற தொடரை, அவருடைய நண்பர் ஜான் கிளெல்லன் ஹோம்ஸ் 1952 நவம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் ஊரறியச் செய்தார். 1955 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் கின்ஸ்பெர்க், கேரி ஸ்னைடர், மைக்கேல் மெக்லூர், பிலிப் வேலன், பிலிப் லமான்டியா ஆகிய ஐவர் கவிதை வாசித்தார்கள். கென்னத் ரெக்ஸ்ராத் மேடையை நடத்தினார். கெரோவாக் வாசிக்கவில்லை, கூட்டத்தில் இருந்தார். 1958 ஏப்ரல் 2 அன்று ஹெர்ப் கேன் என்ற பத்தியாளர், அதற்கு ஆறு மாதம் முன்பு வானேறிய சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்கின் வாலை ஒட்டிப் ‘பீட்னிக்’ என்று கேலியாக எழுதினார். அதன்பின் தாடி வைத்த இளைஞர் எல்லோரும் பீட்னிக் ஆனார்கள். இப்படி உள்ளே இருந்த ஒருவர் சொன்னதும், பத்திரிகை பரப்பியதும், வெளியே நின்ற ஒருவர் நையாண்டியாக ஒட்டியதும் ஒரே பெயருக்குள் கலந்து கிடக்கின்றன.

நம்மிடம் மணிக்கொடி எழுத்தாளர் என்று ஒரு வழக்கு உண்டு. அதிலும் தகராறு உண்டுதான். ஆனால் 1933இல் தொடங்கிய ஓர் இதழின் பக்கங்கள் அங்கே ஆதாரமாக இருக்கின்றன. யார் எத்தனை கதை எழுதினார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரே கதை எழுதியவரைச் சேர்க்கலாமா என்று சண்டை போடலாம். பீட் தலைமுறைக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய அப்படியோர் இதழ் இல்லை. சந்தா இல்லை, எல்லோரும் கையெழுத்திட்ட அறிக்கையும் இல்லை.

மூன்றாவது மீட்டெடுப்புக்குப் பிறகு தம்பி ஒரு வழி சொன்னார். “அண்ணா, எதற்கு இத்தனை இழுபறி? அவர் தன்னைப் பீட் என்று சொல்லிக்கொண்டாரா என்று மட்டும் பார்ப்போம். சொன்னவர் உள்ளே, மறுத்தவர் வெளியே.” நேர்மையான யோசனை, ஒருவரை அவர் சொல்லும் பெயரால் அழைப்பதுதான் நாகரிகம். ஆனால் பட்டியலில் வைத்துப் பார்த்தபோது அது ஒரே மாலைப்பொழுதில் நொறுங்கியது. கின்ஸ்பெர்க்கின் கவிதை நூலை வெளியிட்டதற்காக 1957இல் நீதிமன்றம் ஏறி வென்ற லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி, தாம் பீட் அல்லர் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிக்ஸ் கேலரி மேடையை நடத்திய ரெக்ஸ்ராத், பூச்சியியல் அறிஞர் பூச்சியாகிவிட மாட்டார் என்ற பொருளில் அந்தப் பட்டத்தை உதறினார். பர்ரோஸும் அந்தப் பெயரிலிருந்து விலகியே நின்றார். சுயவிளக்கத்தை மட்டும் நம்பினால் பர்ரோஸ் இல்லாத, ஃபெர்லிங்கெட்டி இல்லாத பீட் தலைமுறைதான் மிஞ்சும். அப்போது சந்தைக்காகத் தன்னைப் பீட் என்று விளம்பரப்படுத்திக்கொண்ட எவரும் உள்ளே நுழைந்துவிடலாம். தம்பி தாமே அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

காலத்தை வைத்து வரம்பு கட்டலாம் என்று ஐயா சொன்னது அதைவிடச் சீக்கிரம் விழுந்தது. லீராய் ஜோன்ஸ் 1958இல் ஹெட்டி ஜோன்ஸோடு சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்கி, பீட் கவிஞர்களின் எழுத்தை அதில் வெளியிட்டார். 1965இல் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட பின் அந்த வட்டத்தை விட்டு ஹார்லெமுக்குப் போனார். அமிரி பராக்கா என்ற பெயரில் கறுப்பின விடுதலைக் கவிஞராக நிலைபெற்றார். அவர் பீட் தலைமுறையைச் சேர்ந்தவரா என்று கேட்டால், அந்த ஆண்டுவரை ஆம், அதன்பின் அவரே அதை மறுத்து எழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பகுப்பு ஏற்காது. ‘இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை’ என்று சொல்ல அதற்கு வாயில்லை. எவ்வளவு, எதுவரை, எந்த வகையில் என்ற கேள்விகளுக்கு வாக்கியம் பதில் சொல்லும். பகுப்புக்கு ஆம், இல்லை என்ற இரண்டே சொற்கள்தான் தெரியும்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா ஐந்தாவது நாளில் எழுதிய பதிவு எங்கள் எல்லோரையும் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. நான் என் மூன்றாவது வாதத்தில், பெய்ல்ஸ் ‘பொதுவாகப் பீட் கவிஞராக ஏற்கப்பட்டவர்’ என்று எழுதியிருந்தேன். அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்தச் சொற்றொடரை நாம் முன்பு எங்கே கேட்டிருக்கிறோம் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?” 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் எங்கள் நாட்டில் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ் எழுதி வைத்தது. வெள்ளையர் யார் என்பதற்கு அது சொன்ன இலக்கணத்தில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன: பார்த்தாலே தெரியும் தோற்றம், பொதுவாக அப்படி ஏற்கப்படுதல். யாரால் ஏற்கப்படுதல் என்ற கேள்விக்கு அலுவலரின் மேசைதான் பதில். 1991இல் நீக்கப்படும்வரை அந்தச் சட்டம் நின்றது. சாட்ஸ்வர்த் என்ற எங்கள் குடியிருப்பே, அதே 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் பல மூலைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இந்தியர்களுக்காகக் கட்டப்பட்டது. ஒரு கவிஞரைப் பகுப்பிலிருந்து எடுப்பதால் யாருடைய வீடும் போய்விடாது என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று அக்காவே அடுத்த வரியில் எழுதினார். ஆனாலும் ‘பொதுவாக ஏற்கப்பட்ட’ என்று எழுதும் கை, ஏற்றவர் யார் என்பதை மறைக்கிறது என்ற அவருடைய பேச்சுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்தத் தொடரை நானே அடித்துவிட்டேன்.

ஏற்றவர் யார் என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் தகராறின் முடிச்சு தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் பெய்ல்ஸைப் பற்றி எழுதுபவர்கள் அவரைத் தயக்கமின்றிப் பீட் கவிஞர் என்கிறார்கள். இந்த நாட்டிலிருந்து அந்த வட்டத்தை எட்டிய அபூர்வமான ஒருவர் என்ற பெருமை அதில் இருக்கிறது. அமெரிக்காவில் எழுதப்பட்ட வரலாறுகளில் அவர் பாரிஸ் விடுதியைப் பற்றிய பகுதியில் வருகிறார், நூலின் நான்காவது ஆசிரியராக வருகிறார், பிறகு காணாமற்போகிறார். இரண்டும் பொய்யல்ல. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சிறியதாகத் தெரிவது ஊர்க்காரருக்குப் பெரியதாகத் தெரிகிறது. நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை வகுப்பில் ‘நம் ஊர்க்காரர் ஒருவர் பாரிஸில் இவர்களோடு இருந்தார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பகுப்பு வரி போனால் என் பேச்சும் சேர்ந்து போகும் என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

சமரசமாக ‘பீட் தலைமுறையோடு தொடர்புடையோர்’ என்று வேறொரு பகுப்பைத் தொடங்கலாம் என்றார் தம்பி. நானும் ஆவலோடு தலையாட்டினேன். ஐயா அதில் யார் யார் வருவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் காட்டினார். 1951இல் மெக்சிகோ நகரில் பர்ரோஸின் துப்பாக்கிக்குப் பலியான ஜோன் வோல்மர் வருவார். பட்டப்பெயர் சூட்டிய ஹெர்ப் கேன் வருவார். 1957இல் கின்ஸ்பெர்க்கின் கவிதை ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்த நீதிபதி கிளேட்டன் ஹார்னும் வந்து உட்காருவார். தொடர்பு என்ற சொல்லுக்குக் கரை இல்லை. ஒருவர் எழுதினாரா, எழுதியவரை மணந்தாரா, எழுதியவருக்குத் தீர்ப்பு சொன்னாரா என்ற வேறுபாட்டை அழித்துவிட்டு எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைப்பதற்கு அந்தப் பகுப்பு இல்லாமலிருப்பதே மேல்.

முடிவை நோக்கித் தள்ளியது அக்காவின் தொழில் பழக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அவர் வீட்டு உணவுமேசையில், வேலை பார்த்த காலத்து அட்டைப்பெட்டி இழுப்பறை ஒன்று இன்னும் இருக்கிறது. இப்போது அதில் சமையல் குறிப்புகள். அவர் ஒரு பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரே நூலை இரண்டு அலமாரியில் வைக்க முடியாது என்பதால், வைக்காத இடத்தில் ‘காண்க’ என்று ஓர் அட்டை போடுவார்களாம். நூல் ஓரிடத்தில் நிற்கும்; அட்டை வாசகரின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போகும். “பகுப்பு அலமாரி, உங்கள் வாக்கியம் அட்டை. அவரை அலமாரியில் திணிக்காமல் நல்ல அட்டையாக ஒன்று எழுதுங்கள்” என்றார்.

அப்படியே செய்தோம். பெய்ல்ஸ் ‘தென்னாப்பிரிக்கக் கவிஞர்கள்’ பகுப்பில் நிற்கிறார். பீட் பகுப்பு நீங்கியது. அதற்குப் பதிலாகக் கட்டுரையின் இரண்டாவது வாக்கியம் இப்படி எழுதப்பட்டது: ‘பாரிஸில் பர்ரோஸ், கைசின், கோர்சோ ஆகியோரோடு 1960இல் ஒரு வரிக்கலப்பு நூலை எழுதினார், இதனால் தென்னாப்பிரிக்க எழுத்துகளில் இவர் பீட் கவிஞர் எனக் குறிக்கப்படுகிறார்.’ பீட் தலைமுறையைப் பற்றிய பொதுக் கட்டுரையிலும் பாரிஸ் விடுதி பற்றிய பத்தியில் அவர் பெயர் அந்த நூலோடு வருகிறது. பகுப்பில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், அந்த இயக்கத்தைத் தலைமைப் பொருளாகக் கொண்ட வெளி ஆய்வுகள் அவரைப் பற்றி எழுதும்போது அந்த அடையாளத்தைத் தவிர்க்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று நால்வரும் உரையாடல் பக்கத்தில் எழுதி வைத்தோம். அந்த அளவுகோலில் பர்ரோஸ் தாம் மறுத்தாலும் உள்ளே நிற்கிறார். பெய்ல்ஸ் தாம் விரும்பியிருந்தாலும் வெளியே நிற்கிறார்.

எனக்கு இதில் முழு நிறைவு இல்லை. அமெரிக்காவில் எழுதப்படும் ஆய்வுகளே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், வெளி ஆய்வுகளைக் கேட்பது என்றாலே அமெரிக்காவைக் கேட்பது என்றாகிவிடுகிறது. இதை நான் பதிவு செய்தேன், ஐயா மறுக்கவில்லை. வேறு வழியும் அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரரை அளந்த கோலால் மற்றவர்களையும் அளக்க வேண்டும் என்று விடாமல் கேட்டேன். அதனால் பகுப்பில் இருந்த மற்றப் பெயர்களும் சோதிக்கப்பட்டன. குடியும் வறுமையும் எழுதினார் என்பதற்காக யாரோ சேர்த்திருந்த சார்லஸ் புக்கோவ்ஸ்கி நீக்கப்பட்டார். கல்கத்தாவின் பசித்த தலைமுறைக் கவிஞர் மலய் ராய் சௌத்ரியும் அங்கே இருந்தார். பாட்னாவில் 1961 நவம்பரில் தொடங்கிய இயக்கத்தை, 1962இல் இந்தியாவுக்கு வந்த கின்ஸ்பெர்க்கின் கிளையாக்குவது காலக்கணக்குக்கே ஒவ்வாது என்று நான் எழுதினேன். அந்த ஒரு நீக்கத்தில் மட்டும் ஐயா எனக்கு நன்றி சொன்னார்.

அதன்பின் தம்பி 1951இல் தொடங்கிய டிரம் என்ற தென்னாப்பிரிக்க இதழைச் சுற்றி எழுந்த எழுத்தாளர்களுக்கு ஒரு பகுப்பு தொடங்கினார். கேன் தெம்பா, லூயிஸ் நகோசி, டாட் மட்ஷிக்கிசா போன்றவர்களில் சிக்கல் வரவில்லை. டர்பனிலிருந்து அந்த இதழுக்காக எழுதியும் படமெடுத்தும் வந்த ஜி. ஆர். நாயுடுவை அதில் சேர்ப்பதா என்று கேள்வி வந்தபோது, நான் பகுப்பைத் தொடாமல் முதலில் வாக்கியத்தை எழுதினேன்: அவர் எந்த இதழுக்கு, எந்த ஊரிலிருந்து, என்ன வேலை செய்தார் என்று. பகுப்பு வேண்டுமா என்று அக்காவும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெய்ல்ஸ் கட்டுரையில் அதன்பின் ஒரே ஒரு திருத்தம் நிகழ்ந்தது. பெயர் பதிவு செய்யாத யாரோ ஒருவர், ஒலிப்பு தவறு என்ற குறிப்போடு, கட்டுரை முழுவதும் ‘பைல்ஸ்’ என்று மாற்றியிருந்தார். உரையாடல் எதுவும் இல்லாமல் நான் அதை மீளமைத்தேன்.